ஒரே வாரத்தில் இரு கரைகளில் அனர்த்தம்: சார்க்கும் ஆசியானும் எப்போது பேசிக்கொள்ளும்?

2025 நவம்பர் இறுதி வாரத்தில் வங்காள விரிகுடாவின் இரு புறங்களிலும் ஒரே நேரத்தில் மழை கொட்டித் தீர்த்தது. மேற்குப் புறத்தில் டித்வா சூறாவளி இலங்கையைத் தாக்கியது. கிழக்குப் புறத்தில், சூறாவளிகள் மிக அரிதாகவே உருவாகும் மலாக்கா நீரிணையில் சென்யார் என்ற சூறாவளி உருவாகி சுமாத்ராவைத் தாக்கியது. நமது நாட்டில் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களிலேயே உயிரிழப்பு அதிகம். இந்தோனேசியாவின் ஆச்சே, வட சுமாத்ரா, மேற்கு சுமாத்ரா மாகாணங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தெற்குத் தாய்லாந்தின் ஹட்யாய் நகரம் வெள்ளத்தில் மூழ்கியது.

மரணம் வந்த விதமும் இரு இடங்களிலும் ஏறக்குறைய ஒன்றுதான். காற்றைவிட மழையே அதிகம் கொன்றது. ஊறிப்போன மலைச்சரிவுகள் வீடுகளின் மேல் இறங்கின. 1885ஆம் ஆண்டு நானுஓயா வரை வந்து சேர்ந்த மலையகப் புகையிரதப் பாதை பல இடங்களில் மண்ணோடு பெயர்ந்தது. சுமாத்ராவில் காடுகளிலிருந்து அடித்து வரப்பட்ட மரக்குற்றிகள் ஊர்களுக்குள் வந்து குவிந்தன. இவ்விரு சூறாவளிகளையும் ஒன்றாக எடுத்து ஆராய்ந்த சர்வதேச விஞ்ஞானிகள் குழு, புவி வெப்பமடைதல் இத்தகைய கனமழையை மேலும் கனமாக்கியிருக்கிறது என்ற முடிவுக்கே வந்தது.

இலங்கை சார்க் அமைப்பின் உறுப்பு நாடு. இந்தோனேசியாவும் தாய்லாந்தும் ஆசியான் அமைப்பின் உறுப்பு நாடுகள். ஒரே வாரத்தில், ஒரே வகை மழையால், ஒரே விதமாக மக்களை இழந்த இந்த இரு பிராந்தியக் கூட்டமைப்புகளுக்கும் இடையில் காலநிலை விடயத்தில் என்ன ஒத்துழைப்பு இருக்கிறது? நாடுகள் தனித்தனியே உதவிக்கொண்டன. கூட்டமைப்பு என்ற வகையில் இரண்டும் சேர்ந்து செய்ததாகச் சொல்ல எதுவுமில்லை. இந்த வெற்றிடம் மலையகத்தில் வாழும் நமக்கு ஏன் முக்கியம் என்பதையும், அதை நிரப்பும் வழி ஏற்கெனவே பாதியளவு இருக்கிறது என்பதையும் பார்ப்போம்.

காகிதத்தில் நிறைந்து கிடக்கும் சார்க்

1985 டிசம்பர் 8ஆம் திகதி டாக்காவில் சார்க் பிறந்தது. பாடசாலையில் அதன் எட்டு உறுப்பு நாடுகளின் பெயர்களையும் மாணவர்கள் மனனம் செய்கிறார்கள். ஆனால் அந்த எட்டு நாடுகளின் தலைவர்களும் ஒன்றாக அமர்ந்த கடைசி உச்சிமாநாடு 2014 நவம்பரில் காத்மண்டுவில் நடந்தது. இன்று ஆரம்பப் பிரிவில் படிக்கும் பிள்ளைகள் அப்போது பிறந்திருக்கவில்லை. 2016இல் இஸ்லாமாபாத்தில் நடக்கவிருந்த மாநாடு, ஊரி தாக்குதலை அடுத்து இந்தியாவும் வேறு சில நாடுகளும் விலகியதால் நின்றுபோனது. அதன் பிறகு உச்சிமாநாடே இல்லை.

சார்க் காலநிலையைப் பற்றிப் பேசவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2008இல் டாக்காவில் காலநிலை மாற்றம் தொடர்பான பிரகடனமும் செயற்திட்டமும் வெளியாகின. 2010இல் பூட்டானின் திம்புவில் நடந்த 16ஆவது உச்சிமாநாட்டின் கருப்பொருளே காலநிலை மாற்றம்தான். சுற்றாடல் ஒத்துழைப்புக்கான சமவாயமும் அங்கேயே கைச்சாத்தானது. 2011இல் மாலைதீவின் அத்துவில் நடந்த மாநாட்டில், இயற்கை அனர்த்தங்களின்போது உறுப்பு நாடுகள் விரைந்து உதவிக்கொள்வதற்கான ஒப்பந்தம் கைச்சாத்தானது. அது 2016இல் நடைமுறைக்கும் வந்தது.

இவற்றுள் எது டித்வாவின்போது நமக்குக் கைகொடுத்தது? இந்தியா கப்பல்களையும் விமானங்களையும் மீட்புப் படையினரையும் அனுப்பியது. பாகிஸ்தானும் பங்களாதேஷும் மாலைதீவும் உதவின. அவை எல்லாம் கொழும்போடு தனித்தனியே பேசிச் செய்த உதவிகள். பாகிஸ்தானின் நிவாரண விமானத்துக்கு இந்திய வான்பரப்பில் அனுமதி தாமதமானது என்று இஸ்லாமாபாத் குற்றஞ்சாட்டியது. டில்லி அதை மறுத்தது. யார் சொன்னது சரி என்பது ஒருபுறம் இருக்கட்டும். மண்ணுக்குள் மனிதர்கள் புதைந்து கிடந்த நாட்களில் இப்படியொரு விவாதம் நடந்ததே, 2011 ஒப்பந்தம் எந்த நிலையில் இருக்கிறது என்பதைச் சொல்லப் போதுமானது.

இன்னொரு இழப்பு வெளியே தெரியாமல் நடந்தது. 1995 முதல் டாக்காவில் சார்க் வளிமண்டலவியல் ஆய்வு மையம் இயங்கி வந்தது. தெற்காசியாவின் வானிலை விஞ்ஞானிகள் ஒரே கூரையின் கீழ் வேலை செய்த இடம் அது. செலவுக் குறைப்பு, மறுசீரமைப்பு என்ற பெயரில் அது மூடப்பட்டது. அதன் பணிகளை வேறு மையங்களோடு சேர்த்து ஒரே நிறுவனமாக்கும் திட்டம், அரசியல் முறுகலில் சிக்கிப் பழைய உயிரைப் பெறவில்லை. 2025இல் பஹல்காம் தாக்குதலுக்குப் பின்னர் 1960ஆம் ஆண்டின் சிந்து நதி நீர் ஒப்பந்தத்தையே இந்தியா இடைநிறுத்தி வைத்தது. ஆற்று நீரிலேயே நம்பிக்கை இழந்துவிட்ட இரண்டு பெரிய நாடுகள், வானிலைத் தரவில் நம்பிக்கை வைத்து சார்க்கை எழுப்பும் என்று காத்திருப்பது நமக்குக் கட்டுப்படியாகாது.

ஆசியானின் பலமும் தயக்கமும்

2004 டிசம்பர் 26 சுனாமியில் ஆச்சேயில் மட்டும் ஒன்றரை இலட்சத்துக்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். இலங்கையில் முப்பதாயிரத்துக்கும் அதிகமானோர். மருதமுனையும் கல்முனையும் காத்தான்குடியும் ஹம்பாந்தோட்டையும் ஆச்சேயும் ஒரே காலைப்பொழுதில் ஜனாஸாக்களைத் தேடின. அந்த அனர்த்தம் நடந்து ஏழு மாதங்களில், 2005 ஜூலையில், ஆசியான் நாடுகள் அனர்த்த முகாமைத்துவத்துக்கும் அவசர உதவிக்குமான உடன்படிக்கையில் கைச்சாத்திட்டன. 2009 டிசம்பரில் அது சட்ட வலுவோடு நடைமுறைக்கு வந்தது. 2011இல் ஜகார்த்தாவில் அதற்கான ஒருங்கிணைப்பு மையம் திறக்கப்பட்டது. மலேசியாவின் சுபாங்கில் கூடாரங்கள், படகுகள், மின்பிறப்பாக்கிகள் போன்ற நிவாரணப் பொருட்கள் முன்கூட்டியே சேமித்து வைக்கப்படுகின்றன. சார்க்கின் ஒப்பந்தத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இந்தக் களஞ்சியசாலைதான். அனர்த்தம் வருவதற்கு முன்பே பொருள் அங்கே இருக்கிறது.

அதற்காக ஆசியானை மெச்சி மட்டும் பேசுவது நேர்மையாகாது. உறுப்பு நாட்டின் உள்விவகாரத்தில் தலையிடுவதில்லை என்பது அதன் அடிப்படை விதி. சென்யாருக்குப் பின்னர் இந்தோனேசிய அரசாங்கம் அதைத் தேசிய அனர்த்தமாகப் பிரகடனம் செய்ய மறுத்தது; தம்மால் சமாளிக்க முடியும் என்றது. ஆச்சே மக்கள் வீதியோரங்களில் வெள்ளைக் கொடிகளை ஏற்றி உதவி கேட்டார்கள். ஆசியானின் மையம் இருக்கும் அதே ஜகார்த்தாவின் அரசு கதவைத் திறக்கத் தயங்கும்போது, மையத்தால் பெரிதாக எதுவும் செய்ய முடிவதில்லை.

புகைமூட்டப் பிரச்சினையும் அப்படித்தான். சுமாத்ராவிலும் போர்னியோவிலும் காடுகளை எரிப்பதால் எழும் புகை சிங்கப்பூரையும் மலேசியாவையும் மூடுகிறது. 2002இல் இதற்கென ஒரு உடன்படிக்கை கைச்சாத்தானது. புகையின் பிரதான ஊற்றான இந்தோனேசியா அதை அங்கீகரித்தது 2014இல்தான். மீறினால் தண்டனை எதுவும் அதில் கிடையாது. 2016இல் இந்தோனேசிய உலமா சபை, காட்டையும் நிலத்தையும் எரித்துச் சேதம் விளைவிப்பது ஹராம் என்று ஃபத்வா வழங்கியது. அரசுகளின் உடன்படிக்கை தயங்கி நின்ற இடத்தில் உலமாக்கள் ஒரு படி முன்னே வைத்தார்கள் என்பது நாம் கவனிக்க வேண்டிய விடயம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2008 மே மாதம் நர்கிஸ் சூறாவளி மியன்மாரின் ஐராவதி வடிநிலத்தை அழித்தது. ஒரு இலட்சத்துக்கும் அதிகமானோர் இறந்தும் காணாமலும் போயினர். அப்போதைய இராணுவ ஆட்சி வெளிநாட்டு உதவியாளர்களை உள்ளே விட மறுத்தது. மேற்கு நாடுகள் மிரட்டிப் பார்த்தன, பலிக்கவில்லை. ஆசியான் இடையில் புகுந்து, ஐக்கிய நாடுகளையும் மியன்மார் அரசையும் சேர்த்து மூவர் குழுவொன்றை அமைத்த பிறகே கதவு திறந்தது. அயலவன் தட்டும் கதவு, தூரத்து வல்லரசு தட்டும் கதவைவிடச் சீக்கிரம் திறக்கும். பிராந்திய அமைப்பின் பெறுமதி அதுதான்.

பிம்ஸ்டெக் பாலமாகுமா?

சார்க் உறங்குவதால் இந்தியா பிம்ஸ்டெக் அமைப்பை முன்னிறுத்துகிறது. 1997இல் பேங்கொக்கில் தொடங்கப்பட்ட இந்த அமைப்பில் ஏழு நாடுகள் உள்ளன. இந்தியா, இலங்கை, பங்களாதேஷ், நேபாளம், பூட்டான் ஆகிய ஐந்தும் சார்க்கைச் சேர்ந்தவை. தாய்லாந்தும் மியன்மாரும் ஆசியானைச் சேர்ந்தவை. இரு கூட்டமைப்புகளுக்கும் இடையில் பாலம் வேண்டுமானால், பார்வைக்கு இதுவே பொருத்தமானது. இதன் சாசனம் 2022 மார்ச்சில் கொழும்பை மையமாகக் கொண்டு நடந்த உச்சிமாநாட்டிலேயே கைச்சாத்தானது. டாக்காவில் செயலகம் திறக்கப்பட்டபோது முதலாவது செயலாளர் நாயகமாக இருந்தவரும் இலங்கையரான சுமித் நாகந்தலதான். டில்லியை அடுத்த நொய்டாவில் வானிலைக்கும் காலநிலைக்குமான பிம்ஸ்டெக் மையம் இருக்கிறது. 2025 ஏப்ரலில், மியன்மார் நிலநடுக்கம் நடந்து ஒரு வாரத்தில், பேங்கொக்கில் கூடிய தலைவர்கள் அனர்த்த முகாமைத்துவம் பற்றியும் பேசினார்கள்.

ஆனால் இந்தப் பாலத்தில் சில தூண்கள் இல்லை. காலநிலை மாற்றத்தால் நாட்டையே இழக்கக்கூடிய மாலைதீவு இதில் இல்லை. 2022 வெள்ளத்தில் 1,700க்கும் மேற்பட்டோரை இழந்த பாகிஸ்தான் இல்லை. மறுகரையில் இந்தோனேசியாவும் மலேசியாவும் இல்லை. விடுபட்டவற்றுள் பெரும்பாலானவை முஸ்லிம் நாடுகள் என்பதை நமது வாசகர்கள் கவனிக்காமல் இருக்க மாட்டார்கள். அதை மதக் கண்ணாடி போட்டுப் பார்க்க வேண்டியதில்லை. பங்களாதேஷ் இதன் உறுப்பு நாடு, தற்போதைய தலைமையும் அதனிடமே சென்றது. குறை புவியியலில் இருக்கிறது. ஒரு சூறாவளி மலாக்கா நீரிணையில் உருவாகும்போது அதை முதலில் உணரும் நாடுகள் மேசையில் இல்லாவிட்டால், அந்த மேசை முழுமையானதல்ல.

பகைத்தவர்களும் சேர்ந்து அமரும் மேசை

அரசியலால் பிரிந்து கிடக்கும் இந்த நாடுகள், வானிலை விடயத்தில் ஏற்கெனவே ஒன்றாக அமர்ந்திருக்கின்றன என்பது பலருக்குத் தெரியாது. 1970 நவம்பரில் போலா சூறாவளி அன்றைய கிழக்குப் பாகிஸ்தானில் இலட்சக்கணக்கானோரைப் பலிகொண்டது. அதன் பின்னர் 1972இல் உலக வளிமண்டலவியல் அமைப்பும் ஐக்கிய நாடுகளின் ஆசிய பசுபிக் ஆணைக்குழுவும் சேர்ந்து வெப்பமண்டலச் சூறாவளிகளுக்கான குழுவொன்றை அமைத்தன. இன்று அதில் 13 நாடுகள் உள்ளன: பங்களாதேஷ், இந்தியா, ஈரான், மாலைதீவு, மியன்மார், ஓமான், பாகிஸ்தான், கட்டார், சவூதி அரேபியா, இலங்கை, தாய்லாந்து, ஐக்கிய அரபு அமீரகம், யெமன். பதின்மூன்றில் ஒன்பது முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடுகள்.

சூறாவளிகளுக்குப் பெயர் வைப்பது இந்தக் குழுதான். டித்வா என்பது யெமன் கொடுத்த பெயர். சொகோத்ரா தீவிலுள்ள ஒரு கடல்நீரேரியின் பெயர் அது. சென்யார் அமீரகம் கொடுத்தது. நர்கிஸ் பாகிஸ்தான் கொடுத்தது. இந்தியாவும் பாகிஸ்தானும் எல்லையில் சுட்டுக்கொண்ட காலங்களிலும், புதுடில்லியிலுள்ள பிராந்திய விசேட மையம் உருவாகும் ஒவ்வொரு தாழமுக்கம் பற்றியும் இந்த நாடுகள் அனைத்துக்கும் அறிக்கை அனுப்பி வந்திருக்கிறது. கராச்சியும் அதைப் பெறுகிறது, கொழும்பும் பெறுகிறது.

இதேபோல் சுனாமிக்குப் பிறகு 2009இல் தாய்லாந்தைத் தளமாகக் கொண்டு, ஆசிய, ஆபிரிக்க நாடுகளுக்கான பல்வகை அனர்த்த முன்னெச்சரிக்கை அமைப்பொன்றும் உருவானது. இலங்கை அதன் உறுப்பு நாடு. 2011 முதல் இந்து சமுத்திரத்துக்கான சுனாமி எச்சரிக்கைகளை இந்தியா, இந்தோனேசியா, அவுஸ்திரேலியா ஆகிய மூன்றும் வழங்குகின்றன. சார்க்கையும் ஆசியானையும் சேர்ந்த இரு நாடுகள் ஒரே சேவையில் பங்காளிகளாக இருப்பதற்கு இது கண்கண்ட உதாரணம்.

ஆகவே, தலைவர்கள் கைகுலுக்கும் வரை காத்திருக்கத் தேவையில்லை. தொழில்நுட்ப மட்டத்தில் இருக்கும் இந்த இணைப்புகளை மழை, வெள்ளம், மண்சரிவு ஆகியவற்றுக்கும் விரிவாக்குவதே நடைமுறைச் சாத்தியமான பாதை. இலங்கை இதைக் கேட்கக்கூடிய இடத்தில் இருக்கிறது. நாம் சார்க்கிலும் பிம்ஸ்டெக்கிலும் இருக்கிறோம். 2007 முதல் ஆசியான் பிராந்தியப் பேரவையிலும் உறுப்பினர். இந்தியாவோடும் பாகிஸ்தானோடும் இந்தோனேசியாவோடும் ஒரே நாளில் தொலைபேசியில் பேசக்கூடிய நாடுகள் இப்பிராந்தியத்தில் அதிகமில்லை.

கடன் வேறு, இழப்பீடு வேறு

டித்வாவால் ஏற்பட்ட நேரடிப் பௌதிகச் சேதம் சுமார் 4.1 பில்லியன் அமெரிக்க டொலர் என உலக வங்கி மதிப்பிட்டது. உலகின் பச்சைவீட்டு வாயு வெளியேற்றத்தில் இலங்கையின் பங்கு ஒரு வீதத்தின் பத்தில் ஒரு பங்கு அளவுதான். இந்தக் கணக்கைச் சரிசெய்யவே 2022இல் எகிப்தின் ஷர்ம் அல் ஷெய்க் மாநாட்டில் இழப்பு மற்றும் சேதத்துக்கான நிதியம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அப்போது வளர்முக நாடுகளின் குழுவான ஜி77க்குத் தலைமை தாங்கியது பாகிஸ்தான். தன் நாட்டில் வெள்ளம் வடியாத நிலையில் அது அந்த வாதத்தை முன்வைத்தது, வென்றது.

2025 நவம்பரில் பிரேசிலின் பெலெம் மாநாட்டில் அந்த நிதியம் முதற்கட்டமாக 250 மில்லியன் டொலருக்கான விண்ணப்பங்களைக் கோரியது. ஒரு கோரிக்கைக்கு உச்சம் 20 மில்லியன். அந்த மாநாடு முடிந்து சில நாட்களில் டித்வா வந்தது. நமது ஒரு நாட்டின் சேதம் மட்டும் நிதியத்தின் முழு முதற்கட்டத் தொகையைவிடப் பதினாறு மடங்கு. எனவே நமக்குக் கிடைத்தவற்றில் பெரும்பகுதி கடனாகவே வந்தது. சர்வதேச நாணய நிதியத்தின் 206 மில்லியன் டொலர் அவசரக் கடன். இந்தியா அறிவித்த 450 மில்லியனில் 350 மில்லியன் சலுகைக் கடன். 100 மில்லியன் நன்கொடை. கிடைத்த உதவிக்கு நன்றியோடிருப்போம். ஆனால் 2022இல் கடனைச் செலுத்த முடியாமல் கைவிரித்த ஒரு நாடு, தான் உண்டாக்காத வெப்பத்தின் சேதத்தைச் சீர்செய்ய மீண்டும் கடன் வாங்குவது நீதியாகாது.

இந்த நீதியைக் கேட்கும் குரல் சிதறிக் கிடக்கிறது. காலநிலை மாநாடுகளில் நேபாளமும் பங்களாதேஷும் அபிவிருத்தி குன்றிய நாடுகளின் குழுவில் அமர்கின்றன. மாலைதீவு சிறு தீவு நாடுகளின் கூட்டணியில். இந்தியாவும் பாகிஸ்தானும் இன்னொரு குழுவில். அபிவிருத்தி குன்றிய நாடாகவோ, சிறு தீவு நாடாகவோ கணக்கிடப்படாத இலங்கைக்கு ஜி77 தவிர வேறு வலுவான இடமில்லை. ஆசியானோ மாநாடுகளுக்கு முன் கூட்டறிக்கை வெளியிடும் வழக்கத்தை வைத்திருக்கிறது. ஒரே வாரத்தில் பாதிக்கப்பட்ட இலங்கை, இந்தோனேசியா, தாய்லாந்து, மலேசியா ஆகியவை ஒரே கோப்பாகத் தமது சேதக் கணக்கை முன்வைத்தால், அதைத் தட்டிக்கழிப்பது எளிதாக இருக்காது.

லயன் அறைக்கு எட்டாத எச்சரிக்கை

பிராந்தியம், பில்லியன் என்றெல்லாம் பேசினாலும், இவற்றின் பயன் தேயிலைத் தோட்டத்து லயன் அறையில்தான் சோதிக்கப்படும். டித்வாவின்போது எச்சரிக்கைகள் தமிழில் தாமதமாக வந்தன, சில வேளை வரவேயில்லை என்ற விமர்சனம் பரவலாக எழுந்தது. அரசகரும மொழியொன்றில் உயிர்காக்கும் செய்தி பிந்தி வருவது நிருவாகக் குறை என்பதைத் தாண்டிய விடயம். மண்சரிவு அபாயம் மிக்க தோட்டப் பகுதிகளில் வாழ்பவர்களில் பெரும்பாலோர் தமிழ் பேசுபவர்கள். மலையகத்தின் சிறு நகரங்களில் கடைகளையும் வீடுகளையும் வைத்திருக்கும் முஸ்லிம்களும் அதே மொழியைத்தான் பேசுகிறார்கள். புதுடில்லியிலிருந்து கொழும்புக்குச் சில நிமிடங்களில் வரும் தகவல், கொழும்பிலிருந்து தோட்டத்துக்கு நம் மொழியில் வர ஒரு நாள் எடுத்தால், எந்தப் பிராந்திய ஒத்துழைப்பாலும் பயனில்லை.

இங்கே பங்களாதேஷிடம் படிக்க நிறைய உண்டு. 1970இல் இலட்சக்கணக்கானோரையும், 1991 சூறாவளியில் சுமார் 138,000 பேரையும் இழந்த நாடு அது. 2007இல் சித்ர் தாக்கியபோது உயிரிழப்பு சில ஆயிரங்கள். 2020இல் அம்பான் தாக்கியபோது சில பத்துப் பேர். சூறாவளிகள் பலவீனமாகவில்லை. இடையில் மாறியது ஊர் மட்டத்து ஏற்பாடு. செம்பிறைச் சங்கத்தோடு சேர்ந்து 1972இல் தொடங்கிய தொண்டர் திட்டத்தில் இன்று 70,000க்கும் மேற்பட்டோர் இருக்கிறார்கள். அவர்களில் பெண்களும் ஏராளம். ஒலிபெருக்கியைக் கையில் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போகிறார்கள். பள்ளிவாசல் ஒலிபெருக்கிகள் எச்சரிக்கையை அறிவிக்கின்றன. ஓடிப் போய் ஏறுவதற்குச் சூறாவளிப் புகலிடக் கட்டிடங்கள் இருக்கின்றன.

கடைசியாகச் சொன்னதுதான் நம்மிடம் இல்லாதது. 2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன் குடியிருப்புகள் மண்ணுக்குள் புதைந்தன. அந்த இடம் அபாயமானது என்று பல வருடங்களுக்கு முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கப்பட்ட மக்களுக்கு மாற்று நிலம் ஏற்பாடாகவில்லை. தாங்கள் வாழும் மண்ணுக்கு உறுதிப்பத்திரம் இல்லாதவர்களிடம் வெளியேறுங்கள் என்று சொன்னால், எங்கே என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். டித்வாவுக்குப் பின்னரும் நட்டஈடும் மீள்குடியேற்றமும் பேசப்படும்போது, நிலம் கம்பனியுடையதா, அரசுடையதா, குடும்பத்துடையதா என்ற கேள்வியிலேயே தோட்ட மக்கள் பின்தள்ளப்படுகிறார்கள். சர்வதேச நிதி எவ்வளவு வந்தாலும், இந்தக் காணிப் பிரச்சினை தீராமல் அது அவர்களின் வாசலை எட்டாது.

நாம் கேட்க வேண்டியதும் செய்ய வேண்டியதும்

அரசாங்கத்திடம் மூன்று விடயங்களைக் கேட்கலாம். முதலாவது, ஜகார்த்தாவிலுள்ள ஆசியானின் அனர்த்த மையத்தோடு இலங்கை நேரடித் தொழில்நுட்ப உடன்பாடொன்றைச் செய்துகொள்ளட்டும். சுபாங் களஞ்சியசாலை போன்றதொன்றை கொழும்பிலோ திருகோணமலையிலோ அமைக்க பிம்ஸ்டெக் மூலம் முயலட்டும். இரண்டாவது, மண்சரிவு பற்றிய அறிவை இந்தோனேசியாவோடும் நேபாளத்தோடும் பரிமாறிக்கொள்ளட்டும். செங்குத்தான மலை, கனமழை, ஏழைக் குடியிருப்பு ஆகிய மூன்றும் இந்த நாடுகளுக்குப் பொதுவானவை. மூன்றாவது, இழப்பு மற்றும் சேத நிதியத்தில் தனியாக வரிசையில் நிற்காமல், பாதிக்கப்பட்ட அயல்நாடுகளோடு சேர்ந்து நிற்கட்டும்.

நமது சமூகத்துக்கும் பங்கு இருக்கிறது. டித்வாவின்போது பள்ளிவாசல்கள் சமைத்த உணவை, மதம் பாராமல், பாதிக்கப்பட்ட எல்லோரும் உண்டார்கள். அந்தச் சேவையை அனர்த்தத்துக்குப் பின் மட்டுமென்று வைத்திருக்காமல், அனர்த்தத்துக்கு முன்னும் கொண்டுவர வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அபாயத்தை மழையின் அளவை வைத்தே கணிக்கிறது: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பு, 100ஐத் தாண்டினால் தயார்நிலை, 150ஐத் தாண்டினால் வெளியேற்றம். ஒரு மழைமானியை வாசிக்க ஆறாம் தரத்துப் பிள்ளைக்கு ஒரு பாடவேளை போதும். மலையகத்தின் ஒவ்வொரு பள்ளிவாசலிலும், அயலிலுள்ள கோவிலிலும், பாடசாலையிலும் ஒரு மழைமானி இருந்தால், அந்த மூன்று எண்களையும் எல்லோரும் அறிந்திருந்தால், நள்ளிரவில் எந்தத் திணைக்களத்தின் மொழிபெயர்ப்புக்கும் காத்திருக்கத் தேவையில்லை. பள்ளிவாசல் ஒலிபெருக்கி தமிழிலும் சிங்களத்திலும் சொல்லிவிடும். கிராம உத்தியோகத்தரோடும் தோட்ட நிருவாகத்தோடும் பேசி, அறிவிப்பை யார், எப்போது செய்வது என்பதை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டால் வதந்திக்கும் இடமிருக்காது.

உலமாக்களிடமும் ஒரு வேண்டுகோள். 2015இல் இஸ்தான்பூலில் பல நாட்டு முஸ்லிம் அறிஞர்கள் கூடி காலநிலை மாற்றம் பற்றிய இஸ்லாமியப் பிரகடனத்தை வெளியிட்டார்கள். இந்தோனேசிய உலமாக்களின் ஃபத்வாவும் இருக்கிறது. பூமி நம்மிடம் தரப்பட்ட அமானிதம் என்பது நாம் சிறு வயது முதல் கேட்டு வளர்ந்த பாடம். அந்தப் பாடத்தை ஆற்றோரத்தை நிரப்பிக் கடை கட்டுவதோடும், மலையைச் செங்குத்தாக வெட்டி வீடு எடுப்பதோடும் இணைத்து ஜும்ஆ மேடையில் பேசினால் மக்கள் கேட்பார்கள். அடிக்கடி வெள்ளத்தில் மூழ்கும் அக்குறணை நகரின் அனுபவமே அதற்குப் போதுமான உதாரணம்.

அடுத்த தாழமுக்கம் வங்காள விரிகுடாவில் உருவாகும்போது அதற்கு வைக்கவேண்டிய பெயர் பட்டியலில் ஏற்கெனவே தயாராக இருக்கிறது. பதின்மூன்று நாடுகள் கூடிப் பெயரில் உடன்பட முடிந்ததென்றால், தரவிலும் களஞ்சியசாலையிலும் நீதியான இழப்பீட்டிலும் உடன்பட முடியாதென்று சொல்ல முடியாது. அதைத் தலைவர்களிடம் விடாமல் கேட்போம். அதற்கிடையில் நமது ஊரில் ஒரு மழைமானியை நாமே வைப்போம். அனர்த்தத்தில் நம்மைப் பிரிந்த அனைவரின் குடும்பங்களுக்கும் அல்லாஹ் ஆறுதலைத் தருவானாக.